எடுத்த தாளைத் திரும்ப வைக்காமல்: தேர்வு முடிவுகளை வைத்து நிகழ்தகவு கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

மேசை மேல் ஒரு கட்டு விடைத்தாள். பார்க்காமல் ஒரு தாளை உருவுகிறோம். அதைக் கட்டுக்குள் திரும்பச் சொருகாமல் இன்னொன்றை உருவுகிறோம். இரண்டுமே 35 மதிப்பெண்ணுக்குக் கீழே இருக்க வாய்ப்பு எவ்வளவு?

வியாசர்பாடியில் மாலை வகுப்புக்கு வரும் பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் இதைக் கேட்டால் மூன்று விதமாக விடை வரும். ஒருவர் இரண்டு முறையும் ஒரே பின்னத்தை எழுதிப் பெருக்குவார். இன்னொருவர் இரண்டாவது பின்னத்தில் கீழே உள்ள எண்ணை மட்டும் குறைப்பார், மேலே உள்ளதை அப்படியே விட்டுவிடுவார். மூன்றாமவர் சரியாகவே செய்வார். ஆனால் "இரண்டில் ஒன்று மட்டும் பெயில்" என்று கேள்வியை மாற்றியதும் பாதி விடையோடு நின்றுவிடுவார். மூவருக்கும் பின்னம் தெரியும், பெருக்கல் தெரியும், சூத்திரம்கூட மனப்பாடம். ஒவ்வொரு பின்னத்தையும் எழுதும் நேரத்தில் கட்டில் என்ன மிச்சம் இருக்கிறது, அதைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்று கேட்டுக்கொள்ளாததுதான் தடுமாற்றத்துக்குக் காரணம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கேள்வியைத்தான் விடாமல் கேட்கப் போகிறோம்.

பாடப்புத்தகங்களில் இதற்குச் சீட்டுக்கட்டும் பையில் போட்ட பந்தும்தான் வழக்கமான உதாரணம். சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தே பார்க்காத பிள்ளைகளுக்கு, அதில் ராஜா எத்தனை, ஸ்பேடு எத்தனை என்று விளக்குவதிலேயே பாதி நேரம் போய்விடும். விடைத்தாள் கட்டு அப்படி இல்லை. அதற்குள் என்ன இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதில் தன்னுடைய தாளும் ஒன்று என்கிற அக்கறையும் சேர்ந்துகொள்ளும்.

படி 1: கட்டில் இருப்பதை எண்ணி எழுதுங்கள்

அரையாண்டுக் கணக்குத் தேர்வின் 40 விடைத்தாள்கள் என்று வைத்துக்கொள்வோம். எண்களைக் கணக்குக்கு வசதியாக நானே அமைத்திருக்கிறேன். எந்தப் பள்ளியின் பட்டியலும் இல்லை.

80-உம் அதற்கு மேலும்: 8 தாள்கள்
50 முதல் 79 வரை: 12 தாள்கள்
35 முதல் 49 வரை: 10 தாள்கள்
35-க்குக் கீழே: 10 தாள்கள்

ஆக பாஸ் 30, பெயில் 10. கூட்டினால் 40 வருகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் நடுவழியில் "மொத்தம் எவ்வளவு?" என்று பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்றும் இங்கேயே தீர்மானமாக வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் உருவப்படும் வாய்ப்பு சமமாக இருக்க வேண்டும். மதிப்பெண் வரிசைப்படி அடுக்கிய கட்டில் மேலேயிருந்து இரண்டை எடுத்தால் கீழே வரும் எந்தக் கணக்கும் செல்லாது. நன்றாகக் கலைத்துவிட்டு எடுக்க வேண்டும்.

படி 2: இரண்டு தாள், பெருக்கல் முறை

முதல் தாளை எடுக்கும்போது கட்டில் 40 இருக்கின்றன, அதில் பெயில் 10. எனவே 10/40.

அந்தத் தாள் பெயில்தான் என்று வைத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போகிறோம். இப்போது கட்டில் 39 தாள்கள்தான். பெயில் தாள்களிலும் ஒன்று வெளியே வந்துவிட்டதால் மிச்சம் 9. எனவே 9/39.

இரண்டும் பெயில்: 10/40 × 9/39 = 90/1560 = 0.0577

எடுத்ததைத் திரும்ப வைத்துக் கலைத்துவிட்டு எடுத்திருந்தால் 10/40 × 10/40 = 0.0625 வந்திருக்கும். திரும்ப வைக்காதபோது வாய்ப்பு குறைகிறது. ஒரு பெயில் தாள் வெளியே போனதும் மிச்சக் கட்டில் பெயிலின் பங்கு இறங்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

அதே வழியில் இரண்டும் பாஸ்: 30/40 × 29/39 = 870/1560 = 0.5577

90/1560 என்பதை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன், 3/52 என்று சுருக்கவில்லை. பள்ளியில் பின்னம் கண்ணில் பட்டதும் சுருக்கப் பழக்கியிருப்பார்கள். இந்த வகைக் கணக்கில் கடைசி வரி வரை சுருக்காதீர்கள். எல்லா விடைக்கும் கீழே 1560 என்று ஒரே எண் நின்றால் கூட்டுவது சுலபம், சரிபார்ப்பது அதைவிடச் சுலபம். அடுத்த படியிலேயே இதன் அருமை தெரியும்.

படி 3: வரிசையை மறக்காதீர்கள்

இரண்டில் சரியாக ஒன்று மட்டும் பெயில். இதற்கு இரண்டு பாதைகள் உண்டு.

முதலில் பெயில், அப்புறம் பாஸ்: 10/40 × 30/39 = 300/1560
முதலில் பாஸ், அப்புறம் பெயில்: 30/40 × 10/39 = 300/1560

இரண்டு பாதையும் ஒரே நேரத்தில் நடக்க முடியாது. ஒன்று நடந்தால் மற்றது இல்லை. அதனால் கூட்டுகிறோம்: 600/1560 = 0.3846

முதல் பாதையில் இரண்டாவது பின்னத்தைக் கவனியுங்கள். மேலே 30 குறையாமல் நிற்கிறது, ஏனென்றால் வெளியே போனது பெயில் தாள்; பாஸ் தாள்கள் முப்பதும் கட்டிலேயே இருக்கின்றன. கீழே எண் எப்போதும் ஒன்று குறையும். மேலே எண் குறையுமா என்பது எந்த வகைத் தாள் வெளியே போனது என்பதைப் பொறுத்தது. "இரண்டிலும் ஒன்று குறை" என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே 29 போட்டுவிடுவார்கள்.

இப்போது சரிபார்ப்பு. 90 + 870 + 600 = 1560. மூன்று நிலைகளையும் கூட்டினால் மொத்தம் கிடைக்கிறது, எதுவும் விடுபடவில்லை. வரிசையை மறந்து 300-ஐ மட்டும் எழுதியிருந்தால் கூட்டல் 1260-இல் நின்று காட்டிக் கொடுத்திருக்கும். பின்னங்களைச் சுருக்கியிருந்தால் இந்தப் பிழை இவ்வளவு சுலபமாகக் கண்ணில் பட்டிருக்காது.

மர வரைபடம் வரைந்து பழகியவர்கள் இதே விஷயத்தை நான்கு கிளைகளாகப் போடலாம். கிளை வழியே போகும்போது பெருக்கல், கிளைக்குக் கிளை கூட்டல். மூன்று தாளுக்கு மேல் போனால் கிளைகள் நோட்டுப் பக்கத்தைத் தாண்டிவிடும், எனவே அதை ஆரம்பத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: முதல் தாளைப் பார்க்கவே இல்லை என்றால்?

வகுப்பில் வரும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

"அக்கா, முதல் பேப்பரை எடுத்து கவுத்து வெச்சிட்டோம். என்ன மார்க்குன்னு பாக்கவே இல்ல. ரெண்டாவது பேப்பர் பெயிலா இருக்க 9/39 போடணுமா, 10/39 போடணுமா?"

இரண்டும் இல்லை. கணக்குப் போட்டே பார்ப்போம். இரண்டாவது தாள் பெயிலாக வர இரண்டு பாதைகள்:

பெயில், பெயில்: 10/40 × 9/39 = 90/1560
பாஸ், பெயில்: 30/40 × 10/39 = 300/1560

கூட்டினால் 390/1560. இது 1/4, அதாவது 10/40. முதல் தாளுக்கு என்ன வாய்ப்போ, இரண்டாவதுக்கும் அதே. மூன்றாவது, பதினேழாவது, நாற்பதாவது தாளுக்கும் அதேதான்.

பலருக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். கட்டு சின்னதாகிவிட்டதே, வாய்ப்பு மாறாதா என்பார்கள். தாளை உருவியதால் வாய்ப்பு மாறுவதில்லை; உருவிய தாளில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியவரும்போதுதான் மாறுகிறது. பெயில் என்று தெரிந்தால் 9/39, பாஸ் என்று தெரிந்தால் 10/39, ஒன்றும் தெரியாவிட்டால் 10/40. கலைத்த கட்டில் ஏழாவது இடத்தில் எந்தத் தாள் வேண்டுமானாலும் சமமாக இருக்கலாம், முதல் இடத்தைப் போலவே.

வாயால் சொல்லி இதை நம்ப வைப்பது கஷ்டம், கையால் செய்து பார்க்க வேண்டும். வடசென்னையில் அதற்கான சாமானுக்குப் பஞ்சமே இல்லை. தெருமுனை கேரம் கிளப்பில் ஒரு செட் காய்களைக் கேட்டு வாங்குங்கள்: வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1, ஆக 19. ஒரு துணிப்பையில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வையுங்கள். சிவப்பு எந்த இடத்தில் வந்தது என்று குறித்துக்கொண்டு, எல்லாவற்றையும் பையில் போட்டுத் திரும்பவும் செய்யுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து மாலை முழுக்கச் செய்தால், சிவப்பு முதல் இடத்தில் வருவதும் பத்தாவது இடத்தில் வருவதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதைக் காணலாம். ஒவ்வொரு இடத்துக்கும் வாய்ப்பு 1/19.

இதிலிருந்தே இன்னொரு விடையும் கிடைக்கிறது. முதல் இரண்டு காய்களுக்குள் சிவப்பு வர வாய்ப்பு எவ்வளவு? இரண்டு இடம், இடத்துக்கு 1/19, எனவே 2/19. நீண்ட வழியில் போட்டாலும் 1/19 + (18/19 × 1/18) = 2/19 என்றுதான் வரும்.

படி 5: மூன்று தாளும் சேர்வும்

இப்போது மூன்று தாள். பெருக்கல் முறையிலேயே போகலாம். மூன்றும் பாஸ்:

30/40 × 29/39 × 28/38 = 24360/59280 = 0.4109

"குறைந்தது ஒன்றாவது பெயில்" என்று கேட்டால் ஒன்று, இரண்டு, மூன்று என்று தனித்தனியாகப் போட்டுக் கூட்ட வேண்டாம். "ஒன்றுகூடப் பெயில் இல்லை" என்பதைக் கண்டுபிடித்து 1-இலிருந்து கழியுங்கள்: 1 − 0.4109 = 0.5891. 'குறைந்தது', 'ஒன்றாவது' என்ற சொற்கள் கேள்வியில் இருந்தால் முதலில் இந்த வழியைத்தான் யோசிக்க வேண்டும்.

மூன்றில் சரியாக ஒன்று பெயில் என்றால் பாதைகள் மூன்று: பெயில் முதலில், நடுவில், கடைசியில். ஒவ்வொரு பாதையும் 10 × 30 × 29 / 59280 = 8700/59280. மூன்றையும் சேர்த்தால் 26100/59280 = 0.4403. தாள் ஐந்து, ஆறு என்று கூடினால் பாதைகளை விரல் விட்டு எண்ண முடியாது. சேர்வு அங்கேதான் கைகொடுக்கும்.

40 தாளிலிருந்து 3 தாளை எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பதை சே(40, 3) என்று எழுதுவோம். கணக்கிடும் வழி:

சே(40, 3) = (40 × 39 × 38) / (3 × 2 × 1) = 9880

மேலே 40-இல் தொடங்கி மூன்று எண்கள் இறங்குகின்றன, கீழே 3-இல் தொடங்கி 1 வரை இறங்குகின்றன. காரணீயப் பெருக்கம் (40-இலிருந்து 1 வரை எல்லா எண்களின் பெருக்கல்) முழுவதையும் விரித்து எழுத வேண்டிய அவசியமே இல்லை. பெரும்பகுதி அடிபட்டுப் போய் மிஞ்சுவது இவ்வளவுதான். கால்குலேட்டர் இல்லாமல் எழுதும் தேர்வில் இந்தச் சுருக்கம் நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும். வீட்டில் கணினி இருந்தால் எக்செலில் காம்பின் என்ற சார்பு இதையே செய்து தரும்.

மூன்றில் சரியாக ஒன்று பெயில் என்றால், பெயில் பத்திலிருந்து 1, பாஸ் முப்பதிலிருந்து 2. அதாவது 10 × சே(30, 2) = 10 × 435 = 4350. மொத்த விதங்களால் வகுத்தால் 4350/9880 = 0.4403. பெருக்கல் முறையில் வந்த அதே விடை.

எல்லா நிலைகளையும் எழுதிவிடலாம்.

பெயில் 0: சே(30, 3) = 4060, வாய்ப்பு 0.4109
பெயில் 1: 10 × 435 = 4350, வாய்ப்பு 0.4403
பெயில் 2: சே(10, 2) × 30 = 45 × 30 = 1350, வாய்ப்பு 0.1366
பெயில் 3: சே(10, 3) = 120, வாய்ப்பு 0.0121

4060 + 4350 + 1350 + 120 = 9880. கூட்டல் சரியாக வந்துவிட்டால் நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போகலாம்.

இங்கே ஒரு சந்தேகம் எழும். பெருக்கல் முறையில் ஒவ்வொன்றாக எடுத்தோம், சேர்வில் மூன்றையும் ஒரே பிடியில் எடுப்பதுபோல எண்ணினோம். இரண்டும் ஒன்றா? வாய்ப்பைப் பொறுத்தவரை ஒன்றேதான். மூன்று தாளை ஒரே பிடியில் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாலும், ஒவ்வொன்றாக உருவினாலும், திரும்ப வைக்காத வரை வித்தியாசம் கிடையாது. ஆனால் ஒரே கணக்கில் இரண்டு முறையையும் கலக்கக் கூடாது. மேலே வரிசையைக் கணக்கில் எடுத்துவிட்டு கீழே வரிசை இல்லாத 9880-ஐப் போட்டால் விடை ஒன்றைத் தாண்டிக்கூடப் போகும்.

வகை மூன்றானாலும் முறை மாறாது. 80-க்கு மேல் ஒன்று, 50–79-இல் ஒன்று, பெயிலில் ஒன்று: 8 × 12 × 10 = 960, வாய்ப்பு 960/9880 = 0.0972. பெருக்கல் முறையில் போட்டால் 8/40 × 12/39 × 10/38 என்பதோடு 6 வரிசைகளையும் பெருக்க வேண்டியிருக்கும்.

எதை முதலில் கற்பது என்று கேட்டால் பெருக்கல் முறையைத்தான் சொல்வேன். கட்டிலிருந்து தாள் குறைவது அதில் கண்ணுக்குத் தெரிகிறது. சேர்வு வேகமானது, ஆனால் நடப்பதை மறைத்துவிடும். முதலாவது கைவந்த பிறகு இரண்டாவதுக்குப் போனால் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இருக்காது. எந்த நிலைக்கு எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் இந்த வகைப் பரவலுக்குப் புள்ளியியலில் ஹைப்பர்ஜியோமெட்ரிக் பரவல் என்று பெயர். பெயர்தான் பெரிது, மேலே போட்ட நான்கு வரிகள்தான் அது.

சராசரியாக மூன்று தாளில் எத்தனை பெயில் வரும்? 3 × 10/40 = 0.75. மேலுள்ள அட்டவணையிலிருந்து போட்டாலும் (4350 + 2 × 1350 + 3 × 120)/9880 = 7410/9880 = 0.75. திரும்ப வைத்து எடுத்தாலும் இதே 0.75தான். இது நான்காம் படியில் பார்த்த விஷயத்தின் விளைவு.

படி 6: "என்று தெரிந்தால்" என வரும்போது

நிபந்தனை நிகழ்தகவு என்ற தலைப்பைக் கண்டாலே பயப்படுபவர்கள் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. நிபந்தனைக்குப் பொருந்தாததை எல்லாம் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் கணக்குப் போடுவதுதான் அது.

காலாண்டு முடிவையும் சேர்த்துப் பார்ப்போம். அரையாண்டில் பெயிலான 10 பேரில் 7 பேர் காலாண்டிலும் பெயில். அரையாண்டில் பாஸான 30 பேரில் 9 பேர் காலாண்டில் பெயிலாகி இப்போது தேறியவர்கள். ஆக காலாண்டில் பெயிலானவர்கள் 16 பேர்.

இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கிறோம். இருவரும் காலாண்டில் பெயில் என்று தெரிந்தால், இருவருமே இப்போது தேறியிருக்க வாய்ப்பு என்ன? மற்ற 24 பேரை மறந்துவிடுங்கள். கட்டு இப்போது 16. அதில் தேறியவர்கள் 9.

9/16 × 8/15 = 72/240 = 0.3

சூத்திரப்படி 72/1560-ஐ 240/1560-ஆல் வகுத்தாலும் இதே விடை. தெரிந்த தகவல் இல்லாமல், நாற்பது பேரிலிருந்து இப்படிப்பட்ட இருவர் கிடைக்கும் வாய்ப்பு 72/1560 = 0.0462 மட்டுமே.

இதிலேயே ஒரு பள்ளம் இருக்கிறது, கவனமாகத் தாண்ட வேண்டும். அரையாண்டுக் கட்டிலிருந்து இரண்டு தாள் எடுத்தாகிவிட்டது. கீழுள்ள இரண்டு கேள்விகளையும் ஒப்பிடுங்கள்.

முதல் தாள் பெயில் என்று தெரியும். இரண்டும் பெயிலாக இருக்க வாய்ப்பு? விடை 9/39 = 0.2308.

இரண்டில் ஒன்றாவது பெயில் என்று மட்டும் தெரியும். இரண்டும் பெயிலாக இருக்க வாய்ப்பு? பொருந்தும் பாதைகளின் மொத்தம் 90 + 300 + 300 = 690. அதில் இரண்டும் பெயில் 90. விடை 90/690 = 0.1304.

கேட்பதற்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆனால் முதல் கேள்வியில் எந்தத் தாள் பெயில் என்று குறிப்பாகத் தெரிகிறது. பாஸ், பெயில் என்ற பாதை அங்கேயே விலகிவிடுகிறது. இரண்டாவதில் அந்தப் பாதையும் ஆட்டத்தில் இருக்கிறது. கேள்வித்தாளில் 'முதல்', 'ஏதேனும் ஒன்று', 'குறைந்தது ஒன்று' என்ற சொற்களுக்குக் கீழே கோடு போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

படி 7: எத்தனை தாள் எடுத்தால் போதும்?

தலைகீழாகவும் கேட்கலாம். ஒரு ஆசிரியர் கட்டிலிருந்து சில தாள்களை மட்டும் எடுத்துப் பார்க்கிறார். பெயிலான ஒரு தாளாவது கண்ணில் பட 90 சதவீத வாய்ப்பு வேண்டும். எத்தனை தாள் எடுக்க வேண்டும்?

"ஒன்றுகூடப் பெயில் இல்லை" என்ற வாய்ப்பை ஒவ்வொரு தாளாகக் குறைத்துக்கொண்டே போகலாம். மூன்று தாளுக்கு 0.4109 என்று ஏற்கெனவே தெரியும். நான்காவதுக்கு 27/37-ஆல் பெருக்க 0.2999. ஐந்தாவதுக்கு 26/36-ஆல் பெருக்க 0.2166. அப்படியே ஆறு 0.1547, ஏழு 0.1092, எட்டு 0.0761. எட்டில்தான் 0.1-க்குக் கீழே இறங்குகிறது. எட்டு தாள் எடுத்தால் 92.4 சதவீத வாய்ப்பு.

திரும்ப வைத்து எடுத்திருந்தால் 0.75-ஐ எட்டு முறை பெருக்க 0.1001 வருகிறது, மயிரிழையில் எல்லைக்கு மேலே நிற்கிறது. ஒன்பதாவது தாளும் தேவைப்படும். பார்த்த தாளையே மறுபடி பார்க்கும் வீண்வேலை திரும்ப வைக்காத முறையில் கிடையாது. இன்னும் ஒரு படி மேலே போனால், 31 தாள் எடுத்துவிட்டால் பெயில் ஒன்றாவது வந்தே தீரும், ஏனென்றால் பாஸ் மொத்தமே 30தான். திரும்ப வைக்கும் முறையில் ஆயிரம் முறை எடுத்தாலும் அந்த உறுதி கிடைக்காது.

இந்த வித்தியாசத்தை எப்போது பொருட்படுத்தாமல் விடலாம்? கட்டு பெரிதாகவும் எடுக்கும் தாள் கொஞ்சமாகவும் இருந்தால் விடலாம். 4000 தாளில் 1000 பெயில் என்றால், இரண்டும் பெயிலாக வருவது 1000/4000 × 999/3999 = 0.06245. திரும்ப வைத்தால் 0.0625. நடைமுறையில் ஒன்றேதான். ஆனால் 40 தாளில் 10 எடுத்து ஒன்றுகூடப் பெயில் இல்லாமல் போவதற்கு, திரும்ப வைக்காமல் 0.0354, திரும்ப வைத்தால் 0.0563. ஒன்றரை மடங்குக்கும் மேல் வித்தியாசம். எடுப்பது மொத்தத்தில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் திரும்ப வைத்து எடுப்பதற்கான ஈருறுப்புப் பரவலைத் தோராயமாகப் பயன்படுத்தலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஒரு வகுப்பின் கட்டு எப்போதுமே சின்னதுதான். அங்கே தோராயம் வேண்டாம், சரியான கணக்கையே போடுங்கள்.

டீக் கோப்பையிலும் இதே கணக்கு

புள்ளியியலில் புகழ்பெற்ற சோதனை ஒன்று முழுக்க இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா, டீயை முதலில் ஊற்றினார்களா என்று ருசித்தே சொல்ல முடியும் என்றார் ஒரு பெண்மணி. அதைச் சோதிக்கும் முறையை இங்கிலாந்தின் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1935-இல் எழுதினார். மொத்தம் 8 கோப்பை. நான்கில் பால் முதலில், நான்கில் டீ முதலில். நாலு, நாலு என்பது ருசிப்பவருக்கும் தெரியும். பால் முதலில் ஊற்றிய நான்கையும் அவர் பிரித்தெடுக்க வேண்டும்.

சும்மா குருட்டுத்தனமாக எடுத்தாலும் நான்கும் சரியாக அமைய வாய்ப்பு 1/சே(8, 4) = 1/70 = 0.0143. சரியாக மூன்று மட்டும் பொருந்த சே(4, 3) × சே(4, 1) = 16, எனவே 16/70 = 0.2286. அதனால்தான் நான்கும் சரியாக வந்தால் மட்டுமே அவர் சொன்னதற்கு ஆதாரம் கிடைத்ததாகக் கொள்ளலாம். மூன்று பொருந்துவது அதிர்ஷ்டத்தாலேயே அடிக்கடி நடக்கும்.

ஒவ்வொரு கோப்பைக்கும் தனித்தனியாக நாணயம் சுண்டி எதை முதலில் ஊற்றுவது என்று முடிவு செய்திருந்தால், எட்டையும் குருட்டுத்தனமாகச் சரியாகச் சொல்ல வாய்ப்பு 1/256. கோப்பை அதே எட்டுதான். நாலுக்கு நாலு என்ற தகவல் கையில் இருப்பதால்தான் 256 என்பது 70 ஆகிறது.

போட்டுப் பார்க்க

தண்டையார்பேட்டையில் ஒரு டியூஷன் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 தாள், அதில் 5 பெயில். திரும்ப வைக்காமல் 4 தாள் எடுக்கிறார்கள். ஒன்றாவது பெயிலாக இருக்க வாய்ப்பு என்ன? சரியாக இரண்டு பெயில்? முதல் மூன்றைப் பார்க்காத நிலையில் நான்காவது தாள் பெயில்? குறைந்தது இரண்டு பெயில் என்று தெரிந்தால், சரியாக இரண்டாக இருக்க வாய்ப்பு? கீழே போகும் முன் நோட்டில் போட்டுவிடுங்கள்.

மொத்த விதங்கள் சே(25, 4) = 12650. பெயில் 0 முதல் 4 வரை முறையே 4845, 5700, 1900, 200, 5. கூட்டினால் 12650 வருகிறது.

முதல் விடை 1 − 4845/12650 = 0.617. இரண்டாவது 1900/12650 = 0.1502. மூன்றாவதுக்குக் கணக்கே தேவையில்லை, 5/25 = 0.2. நான்காவதுக்கு 4845-ஐயும் 5700-ஐயும் ஓரமாக வைத்துவிட்டால் மிஞ்சுவது 2105; விடை 1900/2105 = 0.9026.